இதர செலவுகள்

பம்பாயின் ஒழுக்கம் எந்த வருஷம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள மந்திரிகளின் பேச்சைப் படிப்பதில் பிரயோஜனம் இல்லை. பெர்மிட் ரூம் நடத்தும் ஷெட்டிகளின் பேரேட்டில் 'இதர செலவுகள்' என்று ஒரு தலைப்பு இருக்கும். அதைப் பார்த்தால் போதும். ஊரில் ஒழுக்கம் ஏறிய மாதங்களில் அந்தத் தொகையும் ஏறியிருக்கும். மாட்டுங்காவில் ஒண்டுக் குடித்தனம் இருந்துகொண்டு, ஆபீஸ் விட்டதும் இரண்டு மூன்று ஹோட்டல்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வவுச்சர் இல்லாத செலவு அது. என்ன பெயரில் எழுதட்டும் என்று கேட்டால் ஷெட்டி, "துடைப்பம், பினாயில்னு போட்டுடுங்க மேத்தாஜி" என்பார். அந்தக் கணக்குப்படி எண்பதுகளில் இந்தியாவிலேயே சுத்தமான கட்டடம் எங்கள் பார்தான்.

ஷெட்டியின் அப்பா உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து இட்லி, சாம்பார் விற்றவர். மகன் பீர் விற்றார். இடையில் நடந்தது ஒரு மதுவிலக்கு.

1950-ல், மொரார்ஜி தேசாய் பம்பாய் ராஜ்யத்தின் உள்துறை மந்திரியாக இருந்தபோது, முழு மதுவிலக்கு அமலுக்கு வந்தது. தாஜிலும் சர்ச்கேட் பக்கத்து ரெஸ்டாரன்டுகளிலும் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்த கோவாக்கார வாத்தியக்காரர்கள் பலர் சினிமா ஸ்டூடியோக்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பழைய இந்திப் பாட்டுகளில் வரும் ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் மொரார்ஜிக்கு நாம் ஓரளவு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. குடிகாரர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த என் பெரியப்பா சொல்வார்: "குடி எங்கடா நின்னுது? ஹோட்டல்ல குடிச்சவன் ஆன்ட்டி வீட்டுல குடிச்சான். அவ அவிச்ச முட்டையும் வச்சா. போலீஸ்காரனுக்கும் அங்கதான் கிளாஸ்." பெரியப்பா குடித்ததில்லை. முட்டை அவித்த விவரம் அவருக்கு எப்படித் தெரியும் என்று பெரியம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மதுவிலக்கில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. தாராவியின் சதுப்பில் காய்ச்சி, லாரி டியூபுகளில் ஊற்றி நகரத்துக்குள் அனுப்பினார்கள். வி.டி. ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்த வரதராஜ முதலியார் அந்த வியாபாரத்தில்தான் பெரிய ஆளானார். மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் அவர் போட்ட கணபதி பந்தலைப் பார்க்க நாங்களே வரிசையில் நின்றிருக்கிறோம். அவர் கதையை ஒட்டி வந்த 'நாயகன்' படம் பார்த்து அழுதவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் கதைக்கு முதல் வரி எழுதியது ஒரு காந்தியவாதியின் சட்டம்.

அறுபதுகளில் சட்டத்தைத் தளர்த்தினார்கள். தளர்த்தினார்களே தவிர எடுக்கவில்லை. உடல்நலம் கருதிக் குடிக்கிறேன் என்று சர்க்காரிடம் பெர்மிட் வாங்கிக்கொண்டு குடிக்கலாம். அதனால்தான் குடிக்கும் அறைக்குப் பெர்மிட் ரூம் என்று பெயர். கல்லாவில் ஒருநாள் பெர்மிட் புத்தகங்கள் கட்டுக்கட்டாக இருக்கும். வந்து உட்காருகிறவன் எவனும் தன் பெயரைச் சொல்வதில்லை, கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவான். ஆகையால் ஷட்டர் இறக்கியபிறகு கேஷியர் பையன் உட்கார்ந்து தானே பெயர் நிரப்புவான். தினமும் இத்தனை பெயருக்கு எங்கே போவது? கார்க்களாவில் தான் படித்த பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டை ஞாபகத்திலிருந்து எழுதுவான். சர்க்கார் தஸ்தாவேஜின்படி அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு முழுவதும், கணக்கு வாத்தியார் உட்பட, உடல்நலம் கருதித் தினசரி எங்கள் பாரில் ரம் குடித்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்துப் பம்பாயின் அசல் ராத்திரி வாழ்க்கை பாரிலோ கிளப்பிலோ இல்லை. பரேல், லால்பாக் மில்களின் மூன்றாவது ஷிப்டில்தான் இருந்தது. இரண்டரை லட்சம் தொழிலாளர்கள், சங்கு ஊதினால் தெரு நிறையும், நடுநிசியில் டீக்கடையில் இடம் கிடைக்காது. 1982-ல் தத்தா சாமந்த் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அந்த ராத்திரி செத்ததற்கு எந்த மந்திரியும் சட்டசபையில் கவலைப்பட்டதாக நினைவில்லை.

எங்கள் ஷெட்டி பாரில் மேடை போட்டது எண்பதுகளின் கடைசியில். முதலில் ஒரு ஹார்மோனியக்காரர், கஜல். பிறகு டேப்பில் சினிமாப் பாட்டு, நாலைந்து பெண்கள். ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. கல்லாவின் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரிந்தது பத்து ரூபாய்த் தாள். வாடிக்கையாளர் ஐந்நூறு ரூபாய் நீட்டினால் பத்து ரூபாய்த் தாளாக மாற்றித் தருவோம். அவர் அதை ஒரு பெண்ணின் தலைக்குமேல் விசிறுவார். ஒரு பையன் குனிந்து குனிந்து பொறுக்கி வருவான். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராகத் தொகையைக் குறித்துக்கொள்வேன், ராத்திரி முடிவில் அவளுக்கு ஒரு பங்கு, கடைக்கு ஒரு பங்கு. தாள் மறுபடியும் கல்லாவுக்கு வந்து அடுத்தவர் கைக்குப் போகும். ஓரத்தில் பச்சை மசி கொட்டிய ஒரு தாளை ஒரே ராத்திரியில் நாலைந்து தடவை எண்ணியிருக்கிறேன். முத்திரைத்தாள் மோசடித் தெல்கி ஒரே ராத்திரியில் தொண்ணூறு லட்சத்துக்கு மேல் ஒரு பாரில் இறைத்தார் என்று பிற்பாடு பத்திரிகைகள் எழுதியபோது, எல்லாரும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். பத்து ரூபாய்த் தாளாக இருந்தால் ஒன்பது லட்சம் தாள் ஆயிற்றே, எண்ணினவன் விரல் என்ன ஆகியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

1995-ல் சிவசேனா-பாஜக ஆட்சி வந்தது, பம்பாய் மும்பை ஆயிற்று. கலாச்சார மந்திரியாக வந்தவர் பிரமோத் நவல்கர். ஆபாசத்தை ஒழிப்பதில் தீவிரமானவர். அதே நவல்கர்தான் வருஷக்கணக்கில் ராத்திரிகளில் மாறுவேஷம் போட்டுக்கொண்டு பம்பாய்த் தெருக்களில் சுற்றி, பார்த்ததையெல்லாம் மராத்திப் பத்திரிகையில் பத்தியாக எழுதியவர். பம்பாயின் இருட்டு அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது என்று ஷெட்டி மரியாதையோடு சொல்வார். 1996 நவம்பரில் மைக்கேல் ஜாக்சன் வந்து ஆடினார். அழைத்து வந்தது சேனாவின் தொழில் அமைப்பு, கேளிக்கை வரியையும் ஆட்சி விலக்கியது. அதன்பின் சில வருஷங்களில் காதலர் தின வாழ்த்து அட்டை விற்ற கடைகளைச் சேனைத் தொண்டர்கள் அடித்து நொறுக்கினார்கள். எது கலாச்சாரம், எது இல்லை என்று கடைக்காரர்களுக்கு முன்கூட்டித் தெரியாமல் இருந்ததுதான் அந்தக் காலத்தின் தொழில் சிரமம். இதர செலவுகள் ஏறின.

ஆனால் உண்மையான அடி வந்தது சேனாவிடமிருந்து இல்லை, காங்கிரஸ்-தேசியவாத காங்கிரஸ் கூட்டணியின் உள்துறை மந்திரி ஆர்.ஆர். பாட்டீலிடமிருந்து. சாங்லி ஜில்லா, அஞ்சனி கிராமம். ஏழைக் குடும்பம், எளிய மனிதர், கை சுத்தம் என்று எதிர்க்கட்சிக்காரர்களே ஒப்புக்கொண்ட ஆள். காட்கே பாபா பெயரில் கிராமத் துப்புரவு இயக்கம் நடத்திப் பெயர் வாங்கியவர். 2005 மார்ச்சில் சட்டசபையில் டான்ஸ் பார்களை மூடப்போவதாக அறிவித்தார். இளைஞர்கள் கெடுகிறார்கள், குடும்பங்கள் பாழாகின்றன என்றார். நான் எழுதிய கணக்கைப் பார்த்தவன் எவனும் அதை முழுப் பொய் என்று சொல்லமாட்டான். சம்பள நாளன்று வந்து சம்பளத்தோடு போகாதவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் சட்டம் வந்த விதத்தைப் பாருங்கள். ஜூலையில் சட்டசபை நிறைவேற்றியது. ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. ஊரே மிதந்தது. எங்கள் பாரின் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், பேரேடுகள் ஊறிப்போயின. வெள்ளம் வடிந்து சேறு அள்ளி முடிப்பதற்குள் ஆகஸ்ட் 15 வந்துவிட்டது. சுதந்திர தினத்தன்று தடை அமல். சாக்கடைகளைத் தூர்வாருவது பற்றி அவ்வளவு விறுவிறுப்பாக ஒரு சட்டம் வரவில்லை.

சட்டத்தில் 33ஏ, 33பி என்று இரண்டு புதிய பிரிவுகள். முதல் பிரிவு பார்களில் ஆட்டத்தைத் தடுத்தது. இரண்டாவது, மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்கும் ஜிம்கானாக்களுக்கும் விலக்குக் கொடுத்தது. மேக்கப் அறையில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என்னிடம் கணக்கு முடிக்க வந்தாள். ராஜஸ்தான் பக்கம், பாட்டி காலத்திலிருந்து ஆட்டம்தான் தொழில். "அண்ணா, மூணு நட்சத்திர ஹோட்டல்ல ஆடினா தப்பு இல்லையாமே. அந்த நட்சத்திரம் எங்க கிடைக்கும், எவ்வளவு ஆகும்?" என்று இந்தியில் கேட்டாள். கிண்டலா, நிஜமாகக் கேட்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் கையில் சிவப்பு ரெக்சின் பை, அதில் இரண்டு தபால் ஆபீஸ் பாஸ்புத்தகம், மகளின் ஸ்கூல் பீஸ் ரசீது. மகள் படித்தது கான்வென்டில். பாக்கி எவ்வளவு என்று கூட்டிக் கொடுத்தேன். திரும்ப எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அப்படி வேலை போன பெண்கள் 75,000 பேர் என்று சங்கங்கள் சொல்லின. எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஐம்பது பார்களில் ஐந்நூறு பெண்களைப் பேட்டி கண்டு ஓர் அறிக்கை எழுதினார்கள். அரசுக்கு அதைப் படிக்க நேரமில்லை, கோர்ட் படித்தது. 2006 ஏப்ரலில் பம்பாய் ஹைகோர்ட் தடையை ரத்து செய்தது. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் ஏழு வருஷம் இழுத்தது. 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் ரத்துதான் என்றது. நோயைவிட மருந்து மோசம் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். பணக்கார ஹோட்டலுக்கு ஒரு நியாயம், மற்ற இடத்துக்கு ஒரு நியாயமா என்பது முக்கியமான கேள்வி. அரசு அதைக் கவனமாக உள்வாங்கிக்கொண்டு 2014 ஜூனில் புதுத் திருத்தம் கொண்டுவந்தது: பாரபட்சம் கூடாது, ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கும் தடை. விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 2015-ல் அதற்கும் சுப்ரீம் கோர்ட் இடைக்காலத் தடை போட்டது.

சரி, தடை செய்ய முடியாது, நிபந்தனை போடலாம் என்று 2016-ல், பாஜக ஆட்சியில், இன்னொரு சட்டம். அதற்குள் எங்கள் ஷெட்டி காலமாகி மகன் கல்லாவில் உட்கார்ந்துவிட்டான். எம்.பி.ஏ. படித்தவன். விதிகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். "அங்கிள், மேடையைச் சுத்தி மூணடி உயரத்துக்குத் தடுப்பு, அங்கேருந்து அஞ்சடி தள்ளி நாற்காலி. நீங்க அந்த முனையைப் பிடிங்க." இன்ச் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நான், இன்னொரு முனையில் அவன். அஞ்சடி தள்ளினால் நாற்காலி சுவருக்குள் போயிற்று. அது சமாளிக்கக்கூடியது. ஆனால் கோவிலிலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும் விதி. மும்பையில் எந்தக் கோவிலிலிருந்தும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் இன்னொரு கோவில் வரும், அல்லது கடல் வரும். ஆட்டம் நடக்கும் இடத்தில் கேமரா வைக்க வேண்டும், மது கூடாது. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டோம்.

2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் அந்த ஒரு கிலோமீட்டரையும் கேமராவையும் மதுத் தடையையும் நீக்கியது. மாலை 6 முதல் 11.30 வரை என்ற நேரம் சரி, டிப்ஸ் கொடுக்கலாம், ஆனால் பணம் விசிறக்கூடாது என்றது. கூடவே ஒரு விவரத்தையும் பதிவு செய்தது: 2005-க்குப் பிறகு ஒரு பாருக்குக்கூட லைசன்ஸ் தரப்படவில்லை. சட்டம் அனுமதித்தது, கோர்ட் அனுமதித்தது, மேஜை அனுமதிக்கவில்லை. தாசில்தார் ஆபீசில் சான்றிதழ் வாங்க அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்காக ஆட்டம் நின்றதா? 'ஆர்க்கெஸ்ட்ரா பார்' என்று பெயர் மாறியது. பாடகிகள் என்று நாலு பேர் மேடையில் நின்றார்கள். அங்கேயும் அரசு எண்ணிக்கை போட்டது: நாலு ஆண், நாலு பெண், மொத்தம் எட்டுக்குமேல் கூடாது. ஆணும் பெண்ணும் எத்தனை என்று அரசு சொல்லமுடியாது, மொத்தம் எட்டு என்பது இருக்கட்டும் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு பாரின் மேடையில் பாடகர்களை எண்ணிக்கொண்டிருந்த காட்சி எனக்கு மறக்காது. கணக்குப்பிள்ளை வேலை அது. பல இடங்களில் கண்ணாடிக்குப் பின்னால் பொந்து கட்டி, ரெய்டு என்றதும் பெண்களை உள்ளே தள்ளினார்கள். 2021 டிசம்பரில் அந்தேரியில் ஒரு பாரில் போலீஸ் மணிக்கணக்கில் தேடி, மேக்கப் அறைக் கண்ணாடியைச் சம்மட்டியால் உடைத்தபோது, பின்னாலிருந்த ரகசிய அறையில் பதினேழு பெண்கள். பெண்களின் கௌரவத்தைக் காக்கும் சட்டம் என்று 2016 சட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. கௌரவம் காற்றோட்டம் இல்லாத அறையில் கிடந்தது.

2012-ல் வசந்த் தோப்ளே என்ற உதவிக் கமிஷனர் கையில் ஹாக்கி மட்டையோடு பப்புகளை ரெய்டு செய்தபோது மட்டும் நகரத்து நடுத்தர வர்க்கம் தெருவில் இறங்கி எதிர்ப்புக் காட்டியது. ஒரு ஜூஸ் கடை ரெய்டும் அந்தச் சமயத்தில் பெரிய சர்ச்சையாயிற்று. பெண்கள் ராத்திரி வெளியே போய்வரும் உரிமை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுதியது சரிதான். ஏழு வருஷம் முந்தி அந்தச் சிவப்பு ரெக்சின் பைக்காரிக்கும் அதே உரிமை இருந்தது என்று ஒருவரும் சேர்த்து எழுதவில்லை.

மில்கள் இருந்த இடத்தில் இப்போது பப்புகள். லோயர் பரேல் கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29 அன்று, நடுநிசி தாண்டிய நேரத்தில், மொட்டைமாடிப் பப் ஒன்றில் தீப்பிடித்துப் பதினான்கு பேர் இறந்தார்கள். அடுத்த நாளே மாநகராட்சி சட்டவிரோதக் கூரைகளை இடிக்க புல்டோசரோடு கிளம்பியது. பன்னிரண்டு வருஷமாக எத்தனை இன்ஸ்பெக்டர்கள் எத்தனை பார்களில் ஏறி இறங்கியிருப்பார்கள்! பாவாடையின் நீளம் பார்த்தார்கள், மேடையின் உயரம் பார்த்தார்கள். தீ பிடித்தால் வெளியேறும் வழி எது என்று கேட்டவர்கள் குறைவு. அதைக் கேட்டால் ஓட்டு விழாது.

அதற்குப் பிந்திய கதை இன்னும் வேடிக்கை. 2020 ஜனவரி 27 முதல் மும்பை இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருக்கும் என்று அறிவித்தவர் ஆதித்ய தாக்கரே, வாழ்த்து அட்டைகளை நொறுக்கிய கட்சியை ஆரம்பித்தவரின் பேரன். ராத்திரி வாழ்க்கை என்றால் வேலைவாய்ப்பு, சுற்றுலா, வருமானம் என்று அழகாக விளக்கினார். இதையே ஷெட்டிகள் 2005-ல் சொன்னபோது தேசத்துரோகம் மாதிரி பார்த்தார்கள். மால்களும் ஓட்டல்களும் விடிய விடியத் திறக்கலாம், மது மட்டும் ஒன்றரை மணியோடு சரி. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கொரோனா ஊரடங்கு வந்து ராத்திரியோடு பகலையும் மூடிவிட்டது.

2021 மார்ச்சில், போலீஸ் கமிஷனர் பதவியிலிருந்து மாற்றப்பட்ட பரம்பீர் சிங் முதலமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். உள்துறை மந்திரி அனில் தேஷ்முக் மாதம் நூறு கோடி வசூலித்துத் தரச் சொன்னார் என்று அதில் குற்றச்சாட்டு. நகரத்தில் 1,750 பார்கள், ரெஸ்டாரன்டுகள், ஆளுக்கு இரண்டு மூன்று லட்சம் என்று கணக்கும் கொடுத்திருந்தார். தேஷ்முக் மறுத்தார், ராஜினாமா செய்தார், சிறைக்குப் போய் ஜாமீனில் வந்தார். உண்மை எது என்பதைக் கோர்ட் தீர்மானிக்கட்டும். 1,750-ஐ மூன்று லட்சத்தால் பெருக்கினால் ஐம்பத்திரண்டரைக் கோடி, நாற்பது ஐம்பது கோடி தேறும் என்றது கடிதம். ஷெட்டியின் மகன் பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "இவ்வளவு பினாயிலா அங்கிள்?" என்றான்.

2025 அக்டோபரில் அரசு மறுபடியும் ஒரு ஆணை போட்டது: கடைகளும் ஓட்டல்களும் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம், மது விற்கும் இடங்கள் தவிர. நான் இப்போது டோம்பிவிலியில் மகளோடு இருக்கிறேன். ராத்திரி ஒன்பதுக்குமேல் கண் சொக்கிவிடுகிறது, ஆகவே இந்த ஆணையால் எனக்கு லாபமோ நஷ்டமோ இல்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மும்பைக்கு வந்து எங்காவது கண்ணாடி மாளிகையின் முப்பதாவது மாடியில் உட்கார்ந்து ஒரு விஸ்கி சொல்வீர்களானால், கூடவே ஒருநாள் பெர்மிட்டும் கேட்டு வாங்குங்கள். விலை ஐந்து ரூபாய். மேஜையருகே நிற்கும் பையன் உங்களை விசித்திரமாகப் பார்ப்பான், பார்க்கட்டும். மொரார்ஜி காலத்து மதுவிலக்கின் அந்த 1949-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அந்தச் சீட்டு இல்லாமல் நீங்கள் குடிப்பது மகாராஷ்டிரத்தில் இன்றைக்கும் குற்றம்.